அயர்லாந்து மாஸ்டர்களும் எங்கள் அம்மனும்

ஐப்பசி, செவ்வாய்.
விடாத தூறல். மிளகுக் கொடியைக் கட்டப் போகவில்லை.
ராசிபுரத்தில் பேத்தி சுகந்தியின் ரக்பிப் பிள்ளைகள் இந்தத் தடவையும் தோல்வி. அவள்தான் அவர்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் மாஸ்டர். மலை மேல் எங்கள் வாழவந்தி நாட்டில் பெண் மாஸ்டர் வேறு யார்? வந்தவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். முட்டை மாதிரிப் பந்து அரிசி மூட்டை மேல்.
ஞாயிறு பெற்றோர் கூட்டமாம். கீழே இருந்து வேறு மாஸ்டர் கொண்டுவரப் பேச்சு.

புதன்.
வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.
சுகந்தி போனில் அயர்லாந்து ஆட்டம். பச்சைச் சட்டைக்காரர்கள். அவளுக்கு அவர்கள் என்றால் உயிர். அவர்களுடைய மாஸ்டர் யார், எப்படி என்று கேட்டேன். பெரிய கதை.
ஒருவர் சுற்றி உள்ள ஐந்து நாட்டையும் ஒரே வருஷத்தில் இவர்களிடம் தோற்க வைத்தவர். தலையில் தூக்கி ஆடினார்கள். பிறகு தோல்வி மேல் தோல்வி.
"அப்புறம் அவரை என்ன பண்ணுனாங்க கண்ணு?"
"அனுப்பிட்டாங்க அம்மாயி."
இன்னொருவர் இங்கிலாந்தையே பலமுறை மண்ணைக் கவ்வ வைத்தவர். உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியே. அதற்கும் முந்தியவர்கள் சிலர் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகமாம். எவர் வந்தும் உலகக் கோப்பையில் கால் இறுதியைத் தாண்டியதில்லை.
அவர்களுக்கும் அம்மாயிகள் இருந்திருப்பார்கள். பாவம்.

வெள்ளி.
பனி. எதிர் வீடு தெரியவில்லை.
அம்மன் கோயிலில் சுகந்திக்காகப் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் அவளே மாஸ்டர், சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. பூசாரி இரண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டார். ஒன்றை எடுத்தேன். சிவப்பு.
அவளிடம் சொல்லவில்லை. நான் ஊர் திரும்பிச் சோளக்காட்டில் பஸ் இறங்கும் முன்பே சேதி அங்கே இறங்கியிருந்தது, அவள் காதுக்கு மட்டும் எட்டவில்லை.

சனி.
பலாக்கொட்டைக் குழம்பு. உப்புக் கூடிவிட்டது, நினைப்பெல்லாம் பூவில்.
தண்ணீருக்குப் போர் போடக் கேட்டபோது வெள்ளை. தண்ணீர் இல்லை, புகைதான். மகள் கல்யாணத்துக்கு வெள்ளை, தங்கமான மாப்பிள்ளை. என் கண் ஆபரேசனுக்குச் சிவப்பு. மகள் இழுத்துப் போனாள். இப்போது ஊசியில் நானே நூல் கோர்க்கிறேன்.

ஞாயிறு.
நல்ல வெயில். கூட்டம் கோயில் வாசலில். வாயைத் திறப்பதில்லை என்றுதான் போனேன்.
மிளகு வியாபாரி பழனி ஆரம்பித்தார். அவர் மகளும் ஆடுகிறாள். "தோத்தா மாஸ்டர மாத்துறது எல்லா ஊர்லயும் உள்ளதுதானுங்க. அம்மாயி பூக் கேட்டதுக்கு அம்மனே செவப்பு குடுத்துட்டா. அப்புறம் என்னங்க பேச்சு?"
சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பூக் கேட்டது நான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரியும். பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன்.
"ஏனுங்க பழனி, உங்க போருக்கும் எங்க போருக்கும் வெள்ளதானுங்க வந்துச்சு. தண்ணி வந்துச்சுங்களா? அதுக்காக அம்மன மலையெறக்கி முள்ளுக்குறிச்சிக்கு அனுப்பிட்டு வேற சாமியக் கூட்டியாந்தமா?"
முதலில் சிரித்தது பூசாரி. பிறகு பழனி சம்சாரம். கடைசியில் அவரும்.
பங்குனி வரை சுகந்தியே மாஸ்டர் என்று முடிவு. அதற்குள் ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டுமாம். ஜெயிப்பாள்.
அவளோடு வீடு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "என்னையக் கேக்காம இனிப் பூப்போடாத அம்மாயி," என்றாள். சோறு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.
நாளைக்கு அம்மனுக்கு நல்லெண்ணெய் கொண்டுபோக வேண்டும். பேத்திக்காகச் சபையில் அம்மனை விட்டுக்கொடுத்துவிட்டேன்.