யாரிடமிருந்து வந்த இனிப்பு நீர்

மார்ச் 9, ஞாயிறு

காலையிலேயே கொளுத்தும் வெயில். பூசை முடிந்ததும் மாதா கோவில் மண்டபத்தில் ரத்தம் எடுத்தார்கள். பல்கலைக்கழகத்து ஆட்கள். நம் ஆட்களுக்கு ஏன் இத்தனை இனிப்பு நீர் வியாதி, பரம்பரையா, ஏதாவது கிருமியா என்று ஆராய்ச்சியாம். குடும்பம் குடும்பமாக வேண்டுமாம். தம்பி சேவியர் கெஞ்சியதால் போனேன்.

பரம்பரையாவது ஒன்றாவது. அவன் வயிற்றைப் பார்த்தாலே காரணம் தெரியும். ஜுருவில் கார்க்கடை, பழைய காடி விற்கிறான், உட்கார்ந்த இடத்தில் சீனி வழியும் தே தாரிக் டீ. ஊசி குத்தின கையோடு அங்கே வைத்திருந்த பிஸ்கட்டைக் காலி செய்தான். அவன் பெண்டாட்டி மலர், மருந்து டப்பாவை நகைப்பெட்டி மாதிரி திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இருக்கு என்று பெருமை வேறு.

எனக்கு இல்லை. சீனி போடாத கோப்பி, தினம் நடை. டாக்டரிடம் போயே பல வருஷம். வாயைக் கட்டத் தெரியாததுகள் பரம்பரை என்று அப்பா மேல் பழி போடுதுகள். செத்தவர் வந்து பதிலா சொல்லப்போகிறார்.

வாங்க வேண்டியது: வெண்டைக்காய், துணி சோப்பு, மெழுகுவத்தி.

மார்ச் 18, செவ்வாய்

புழுக்கம். ஆராய்ச்சி டாக்டர் போன் செய்து வரச் சொன்னாள். தமிழ்ப் பெண், சின்ன வயசு. அழகாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்கும் இனிப்பு நீர். அது போதாதென்று கல்லீரலில் கிருமி. ஹெபடைட்டிஸ் சி.

எனக்கு.

கிருமியால்தான் இனிப்பு நீர் வந்ததா என்று கேட்டேன். அந்தக் கிருமி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாமாம். பிறப்பிலேயே குடும்பத்தில் ஒரு சாய்வும் இருக்கலாமாம். என் விஷயத்தில் எது எவ்வளவு என்று சொல்ல முடியாதாம். அதாவது தெரியாது. இதைச் சொல்ல ஒரு மண்டபம் நிறைய ரத்தம்.

அப்புறம் கேள்வி. பச்சை குத்தினதுண்டா, எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா. மகள் ஜெனிட்டா பிறந்தபோது ஏற்றினார்கள், நிறையப் போய்விட்டது. அந்தக் காலத்தில் ரத்தத்தில் இந்தக் கிருமியைச் சோதிக்க வழி இல்லையாம். அதிலிருந்து வந்திருக்கலாம் என்றாள். மாத்திரை இருக்கிறது, அநேகமாக முழுசாகவே போய்விடும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றாள். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாதாம்.

ராத்திரிக்குக் கஞ்சி. பாதியை மூடி வைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

சேவியரிடம் போனில் சொன்னது என் புத்தி. மலர் சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். தூக்கி எறிகிற வகை.

அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள். "தப்பா நினைக்காதீங்க அண்ணி. அண்ணன் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டினவரு. போற இடத்துல எங்க எங்க தங்கினாரோ, யாருக்குத் தெரியும்."

என் வீட்டுக்காரர் ஸ்டீபன் மண்ணுக்குள் போய் ஆறு வருஷம். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து தூங்குவதைத் தவிர வேறு ஆசை இல்லாத மனுஷன். கோப்பியைத் தொட்டியில் கொட்டிவிட்டு எழுந்து வந்தேன். சேவியர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். இதுதான் என் கூடப் பிறந்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டே ஆயர் ஈத்தாம் வீடு வரை. கால் வலி.

மார்ச் 22, சனி

ஒரு வழியாக மழை. மத்தியானம் சேவியர் வந்தான். இரும்புக் கதவுக்கு வெளியே நனைந்துபோய், கையில் கொய் பலகாரப் பொட்டலம். எருமை மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு அழுகை. பக்கத்து வீட்டுச் சீனப் பெண், அந்த அமோய், எட்டிப் பார்க்கிறாள். நான் உடனே திறக்கவில்லை.

"அக்கா, ஜெனிட்டா பொறந்தப்ப நான்தான ரத்தம் கொடுத்தேன். என்கிட்டேருந்து வந்திருந்தா?"

சுத்தமாக மறந்திருந்தேன். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்தான், கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தான். அதை நினைத்துத்தான் நேற்றும் முந்தாநேற்றும் தூங்கவில்லையாம். டாக்டர் போன் செய்தால் எடுப்பதில்லையாம். அன்றைக்கு டிவியில் என்ன ஓடியது என்றே தெரியாதாம்.

உள்ளே விட்டேன். அறிவில்லாதவனே, நீ கொடுத்தது எனக்கு வரவில்லை, ரத்த வங்கியில் எடுத்ததற்கு ஈடாகத்தான் கேட்டார்கள், உன்னுடையது வேறு யாருக்காவது போயிருக்கும் என்றேன். சமாதானம் ஆவான் என்று பார்த்தால், முகம் இன்னும் செத்துவிட்டது.

"அப்ப அந்த ஆளுக்கு என்ன ஆச்சோக்கா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. துண்டை எடுத்துக் கொடுத்தேன். கொய்யில் பாதியைக் காடியிலேயே தின்றிருக்கிறான்.

மார்ச் 25, செவ்வாய்

வெயில் திரும்பிவிட்டது. நானே அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கிருமி இல்லை. சீனி அளவைப் பார்த்து அந்தச் சின்னப் பெண் திட்டினாள், இப்படியே போனால் கால் போகும் என்றாள். ஒன்றும் காதில் ஏறவில்லை அவனுக்கு. வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டான். "அந்த ஆளு தப்பிச்சிட்டாருக்கா." யாரென்றே தெரியாத ஒருவனுக்காக மூக்கைச் சட்டையில் துடைக்கிறான்.

அங்கேயே மலருக்குப் போன் போட்டான். கத்தவில்லை. மச்சான் பேரை இனிமேல் இதில் இழுக்காதே என்றான், அவ்வளவுதான். அவன் அவளிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நாளைக்கு எனக்குப் பெரிய ஆஸ்பத்திரி. தானே ஓட்டிக் கூட்டிப்போகிறானாம், டாக்டர் முடிக்கும்வரை கூடவே உட்காருவானாம். காடி விற்கிறவன் காடியில் ஏர்கோன் வேலை செய்யாது. வாய் ஓயாது. சரி வா என்றேன்.