வூலமலூ குத்து

9 மார்ச் 1936, திங்கள்

கடையின் கையுறைப் பகுதியில் இன்று ஈ ஓட்டினேன். மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் பாஸ்கோ என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "மிஸ் கியோ, விக்டோரியா தெருவுல நீங்க எழுதின நம்பர் வீட்ல எனிட் கியோன்னு யாருமே இல்லையாமே?"

அந்த வீட்டில் இருப்பது என் சிநேகிதி. இரண்டு வருடத்துக்கு முன் வேலை மனுவில் அவளுடைய விலாசத்தைத்தான் எழுதினேன். விக்டோரியா தெரு மேட்டில் இருக்கிறது. எங்கள் வூலமலூ அதற்கு நேர் கீழே, நடுவில் ஒரு கல் படிக்கட்டுதான். ஆனால் வூலமலூ என்று எழுதினால் சிட்னியில் எந்தப் பெரிய கடையும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்க விடாது. ரவுடிகளும் திருட்டுச் சரக்கும் என்று பேர் எடுத்த பேட்டை.

"பயப்படாதீங்க, வூலமலூன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. நின்றார்.

12 மார்ச்

சரக்கு அறையில் ஆறாம் நம்பர் கையுறைகளை எண்ண வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். என் இடுப்பில் கை. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதைப் பற்றிப் பேச வேண்டி வருமே.

20 மார்ச்

மறுபடியும்.

26 மார்ச்

வேலையை விட்டுவிட வேண்டியதுதானே? விட்டால்? துறைமுகத்தில் மூட்டை தூக்கி அப்பாவின் முதுகு போய்விட்டது. காலையில் ஆள் எடுக்கும்போது அவரும் போய் வரிசையில் நிற்கிறார். யாரும் அவரைக் கைகாட்டுவதில்லை. வீடு ஓடுவது என்னால்.

இன்று சாப்பாட்டு அறையில் லோர்னா டிரிம்பிள் கதை சொன்னாள். தொப்பிப் பகுதிப் பெண். பணக்காரர்கள் இருக்கும் மோஸ்மனில் வீடு, அப்பா பல் டாக்டர். "கால்பந்துல என் மாமா பையனுக்கு எவனோ ஒருத்தன் வூலமலூ குத்து விட்டுட்டான். ரெண்டு நாளா உக்கார முடியல, பாவம்!" என்றாள். குத்து என்று பேர்தான். கையால் இல்லை, காலால், இடுப்புக்குக் கீழே. ஊர் முழுக்கச் சொல்லும் சொல். எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீ.

3 ஏப்ரல், வெள்ளி

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

சரக்கு அறை. இந்த முறை சுவரோடு தள்ளினார். அப்போது கதவு திறந்தது. லோர்னா. கையில் தொப்பிப் பெட்டி. என் கண்ணைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க சார்" என்று கதவை மூடிக்கொண்டு போய்விட்டாள். போயே போய்விட்டாள்!

அதற்குப் பிறகு என் முழங்கால் தானாக மேலே போனது. எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. பாஸ்கோ பெட்டிகளின் மேல் சுருண்டு விழுந்து, கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "வூலமலூ கழிசடை! புத்தியக் காட்டிட்டா பாரு!"

போலீஸ்காரர் வந்து என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

8 ஏப்ரல்

மாஜிஸ்திரேட் முன்னால் நின்றேன். குமாஸ்தா என் விலாசத்தைச் சத்தமாக வாசித்ததும் பின் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. பாஸ்கோவின் வக்கீல் எழுந்தார். "கனம் ஐயா, இதுக்கு மருத்துவப் பேரு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பேட்டையோட பேருலயே ஒரு குத்து இருக்கறது ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கும்." கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் மீசைக்குள் சிரித்தார். அதோடு என் கதை முடிந்தது. அதற்கப்புறம் நான் சொன்னது யார் காதில் ஏறும்?

லோர்னாவைக் கூப்பிட்டார்கள். "நான் ஒண்ணும் பாக்கல" என்றாள், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு.

ஆறு மாத நன்னடத்தை ஜாமீன். அதற்குள் யார் மேலாவது கை வைத்தால், கால் வைத்தால், ஜெயில்.

9 ஏப்ரல்

பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்துவிட்டது: 'கையுறை விற்றவள் விட்ட வூலமலூ குத்து'. தெருவில் இறங்கினால் துறைமுகத்து ஆண்கள் தொப்பியைக் கழற்றி, அதைக்கொண்டு முன்பக்கத்தை மூடிக்கொண்டு குனிந்து வணங்குகிறார்கள். "நம்ம பேட்டை மானத்தக் காப்பாத்திட்டம்மா!" என்று ஒருவன். அவர்களுக்குப் பெருமையாம். இந்தப் பேட்டையை விட்டுப் போகத்தானே நான் இரண்டு வருடம் பொய் சொன்னேன்.

அப்பாகூடச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

7 மே

மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று. பெயரைச் சொன்னதும் ஒருவர், "உங்க பக்கத்துல நிக்க எங்க ஆளுங்க பயப்படுவாங்களே" என்றார். கடைசிக் கடையில் வேலைக்கு ஆள் எடுக்கிறவன் என் தொடையில் கையை வைத்து, "ஜாமீன்ல இருக்கே இல்ல?" என்று கேட்டான். எழுந்து வந்துவிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? என்ன செய்ய முடியும், சொல்!

18 மே

லாண்டரியில் வேலை. படுக்கை விரிப்புகளைப் பிழிகிறேன். ஆவியில் முகம் வெந்துபோகிறது.

14 ஜூன், ஞாயிறு

மதியம் கதவு தட்டப்பட்டது. லோர்னா! நல்ல தொப்பி, நல்ல கையுறை. படிக்கட்டில் இறங்கி வழி கேட்டு வந்திருக்கிறாள். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே வந்திருந்தன.

"எதுக்கு வந்தே?"

"எனிட், இப்ப அவர் என்னை வரச் சொல்றார். சரக்கு அறைக்கு."

"கோர்ட்ல போய்ச் சொல்லேன். நான் ஒண்ணும் பாக்கலன்னு."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "திட்டு. எவ்வளவு வேணா திட்டு, எனக்கு வேணும். ஆனா திட்டிட்டு அத எனக்குச் சொல்லிக் குடு. நீ எப்படிப் பண்ணினே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவளைப் படியில் உருட்டிவிட்டிருக்கலாம். கெட்டிலைப் போட்டுவிட்டு அப்பா கொல்லைக்குப் போய்விட்டார்.

நான் யாரையும் தொடக் கூடாது. அவளுக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லையே.

நாற்காலியின் முதுகில் தலையணையைக் கட்டினேன். "பாவாடையைத் தூக்கிப் பிடி. கிட்ட வர விடு. தள்ளாதே, தள்ளினா உஷாராயிடுவான்" என்றேன். ஏழாவது தடவை நாற்காலி கவிழ்ந்தது.

28 ஜூன்

லோர்னா மறுபடி வந்தாள், கேக்கோடு. வியாழக்கிழமை காரியம் ஆகிவிட்டதாம். அவள் அப்பா கடை முதலாளிக்கு டெலிபோன் செய்தாராம். பாஸ்கோ உடல்நலம் காரணமாக ஓய்வு பெற்றுவிட்டார். அவளுக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு. போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. பத்திரிகையில் ஒரு வரி இல்லை.

முதலாளியிடம் என் விஷயத்தையும் சொல்லப்போவதாகச் சொன்னாள். சொல்லட்டும். ஜாமீன் முடிய இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது.

அவள் போன பிறகு அப்பா கேக்கை மென்றுகொண்டே கேட்டார்: "ஏம்மா, மோஸ்மன்காரி உதைச்சா அதுக்கு என்ன பேரு?"

"அதுக்குப் பேரு கிடையாதுப்பா" என்றேன்.