இரைச்சல் போகாத கிடார்

மாமா,

போர்வையைப் பிரித்ததும் முதலில் மூக்கில் ஏறியது அந்த வேன் பெயின்ட் வாசனைதான். அடித்து இவ்வளவு காலமாகியும் வாசனை போகாத பெயின்ட்டை ஒரு கிடாருக்கு அடிக்க உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது. அக்கா அதைக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு, பஸ் மாறி, வேங்கிக்காலில் இருக்கும் என் யு.பி.எஸ். ரிப்பேர் கடைக்கு இன்று பகலில் வந்தாள். மேசைமேல் இருந்த பேட்டரிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அதைக் கிடத்தினாள்.

"இந்தா. உன் வேலய இங்கயே வெச்சு முடிச்சுக்க. இதுக்காக இனிமே அவ்ளோ தூரம் நடந்துக்கினு வர வேணாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நல்லபடியாகத்தான் சொன்னாள். உங்கள் கருமாதி முடிந்த பிறகு வந்த பௌர்ணமிகளில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து கிடாரைப் பிரித்துப் போட எனக்கு மனசு வரவில்லை. எனக்கு இது பாரமாகிவிட்டது என்று அக்கா நினைத்திருக்கிறாள். அம்மா இருந்தவரை எங்கள் இரண்டு பேரையும் அம்மா சேர்த்து வைத்திருந்தாள். அம்மா போன பிறகு சேர்த்து வைத்தது இந்தக் கட்டைதான். இதுவும் என் கடையிலேயே தங்கிவிட்டால் அடி அண்ணாமலையில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு நான் எதற்காகப் போகப்போகிறேன்? வேலை இல்லாமல் ஒரு வீட்டு வாசலை மிதிக்கிற ஆள் நான் இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆரம்பத்தில் பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும்போது உங்கள் வாசலில் நின்று அக்காவிடம் ஒரு வார்த்தை விசாரிப்பேன், அவ்வளவுதான், நடையைக் கட்டிவிடுவேன். கிரிவலப் பாதையில் மதியத்துக்கு மேல் வண்டி விடமாட்டார்கள் என்பதால் காய்கறி ஏற்றும் உங்கள் குட்டியானை வேன் வாசலில் முடங்கிக் கிடக்கும். மாதம் முழுக்க ஓடுகிற மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரே நாள் அதுதான். அப்படி ஒரு நாளில்தான் "மாப்ள, ஒரு நிமிஷம் உள்ள வா" என்று கூப்பிட்டு அந்த போட்டோவை நீட்டினீர்கள். உட்கார்ந்தேன். அதோடு சரி. அதற்குப் பிறகு நான் மலையை முழுசாக ஒரே மூச்சில் சுற்றி வந்ததே கிடையாது. பாதியில் உங்கள் வீடு குறுக்கே வந்துவிடும். அண்ணாமலையார் எனக்குப் பாதிப் புண்ணியமாவது கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

போட்டோவில் நீங்கள் மீசை அரும்பிய வயதில், ஒரு மெல்லிசைக் குழுவோடு மேடையில் நின்றிருந்தீர்கள். கையில் சிவப்பு எலெக்ட்ரிக் கிடார். குழு நடத்தியவருடைய வெளிநாட்டுக் கிடாராம். மேடையில் மட்டும் தொட விடுவாராம், வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டாராம். "இத அப்பிடியே அச்சு அசலா நம்ம வீட்லயே செஞ்சுடலாம் மாப்ள. மரம் நான் பாத்துக்கறேன். கரண்ட் சமாச்சாரம் நீ பாத்துக்க" என்றீர்கள். அச்சு அசலாக! அந்த போட்டோவில் கிடாரின் கீழ்ப்பாதியைத் தபேலாக்காரரின் தலை மறைத்திருந்தது. தெரியாத பாதியை எதைப் பார்த்துச் செய்வது என்று கேட்டேன். "எனக்குத் தெரியும், நான் கட்டிப் புடிச்சிக்கினு நின்னவன்" என்றீர்கள். இணையத்தில் அதே மாடலின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினால், படம் தப்பு என்றீர்கள். உலகத்தில் எந்த நகலும் இப்படி உருவாகியிருக்காது.

மரத்தில் ஆரம்பித்தது என் தலைவலி. வீணைக்கும் பலா, மிருதங்கத்துக்கும் பலா, அப்படியானால் கிடாருக்கும் பலாதான் என்று முடிவு கட்டினீர்கள். மர வாடியில் சரியாகக் காயாத பலகையை வாங்கி வந்து, "மரத்துக்கும் மனுஷனுக்கும் அவசரம் ஆவாது மாப்ள" என்று எனக்கு உபதேசம் வேறு. நீங்கள்தான் அவசரப்பட்டு அந்த ஈரப் பலகையை அறுத்தீர்கள். அறுத்து, இழைத்து முடித்தபோது அது அம்மிக்கல் கனம் கனத்தது. கழுத்துப் பகுதியை மட்டும், நல்லவேளை, தபாலில் வரவழைத்தோம். அதுவும் கத்திரி வெயிலில் மொட்டை மாடி ஷெட்டில் கிடந்து வளைந்தது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை முறுக்கி நேராக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீங்கள் வண்டி வீலுக்கு நட்டு முறுக்குகிற பலத்தில் முறுக்கினீர்கள். அது இப்போது எதிர்ப்பக்கமாக வளைந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, கம்பியை முறுக்குகிற சாவியின் மேல் பழி போட்டீர்கள்.

பெயின்ட் கதையை நினைத்தால் இன்னும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வண்டிக்கு பெயின்ட் அடிக்கிற உங்கள் கூட்டாளியிடம் கிடாரைக் கொடுத்துவிட்டு நீங்கள் லோடுக்குப் போய்விட்டீர்கள். அந்த ஆள் சிவப்பை அழகாகத்தான் அடித்திருந்தார். அடித்த கையோடு, பட்டறைக்கு வருகிற எல்லா வண்டிக்கும் செய்வதைப் போல, நெற்றியில் மஞ்சள் எழுத்தில் "அண்ணாமலையார் துணை" என்று எழுதி, இரண்டு பக்கமும் பூ போட்டு அனுப்பிவிட்டார்.

"எந்த வெளிநாட்டுக் கிடார்ல அண்ணாமலையார் துணைன்னு இருக்கு மாமா?"

"சாமி பேர எப்பிடி மாப்ள சுரண்டறது? விடு, ராசியா இருக்கும்."

ராசியைத்தான் பார்த்தோமே. கம்பி கட்டி, ஒயரைச் சொருகி, ஆம்ப்ளிஃபயரைப் போட்ட முதல் பௌர்ணமி சாயங்காலமே 'கொர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். கம்பியில் கை வைத்தால் கம்மியாகும், கையை எடுத்தால் ஜாஸ்தியாகும். எர்த் சரியில்லை என்றேன். எர்த்தை மாற்றினேன். உள்ளே முழுக்கச் செம்புத் தகடு ஒட்டினேன். என் ஈயப் பற்றவைப்புதான் சரியில்லை என்று நீங்கள் சொன்னீர்கள், எல்லா இணைப்பையும் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். கடைசியில், கம்பியின் அதிர்வை வாங்குகிற பிக்கப்பைக் குறை சொன்னீர்கள். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். அதற்கு அக்காவின் தையல் மிஷினில் பாபின் சுற்றும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டோம். நான் மிதிப்பேன், நீங்கள் கம்பியைப் பிடிப்பீர்கள். முடிகிற நேரத்தில் கம்பி அறுந்துபோகும். "ஜாக்கெட்டு தெக்கக் குடுத்தவங்க வாசல்ல நிக்கறாங்க, எழுந்திருங்க ரெண்டு பேரும்" என்று அக்கா கத்துவாள்.

ஒவ்வொரு பௌர்ணமியும் இதே கதைதான். நான் வேர்த்து விறுவிறுத்து மூடியைத் திருகி முடித்ததும் நீங்கள் காதைச் சாய்த்துக் கேட்பீர்கள். "கம்மியாச்சு மாப்ள. ஆனா போவல" என்பீர்கள். ஒரு பாட்டாவது வாசியுங்கள் என்றால், "இரைச்சல் போவட்டும், அப்பறம் வாசிக்கறேன்" என்று கிடாரைச் சுவரில் மாட்டிவிடுவீர்கள். பிறகு அக்கா சாப்பாடு போடுவாள். சாப்பிட்டுக்கொண்டே அம்மாவைப் பற்றி, பழைய வீட்டைப் பற்றி நானும் அவளும் பேசிக்கொண்டிருப்போம். நீங்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். அடுத்த பௌர்ணமிக்கு எதைப் பிரிக்கலாம் என்று யோசிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் வாசலுக்கு எதிரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானப் பந்தல் போடுவார்கள். அதற்குக் கரண்ட் உங்கள் வீட்டிலிருந்துதான் போகும். நான் உட்கார்ந்து பற்றவைக்கிற இடத்துக்கு நேர் மேலே, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்திருப்பீர்கள். "சோறு போடறது அவங்க, வெளிச்சம் நம்மளுது. கோயில் காரியம் மாப்ள" என்று பெருமையாகச் சொல்வீர்கள். பந்தலில் ஓடி ஓடி எரிகிற கலர் சீரியல் லைட். எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் இன்று வரை தெரியவில்லை.

இன்று அக்கா எதிரில் உட்கார்ந்திருக்க, கடையில் சும்மா கிடந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் கிடாரைச் சொருகினேன். சத்தமே இல்லை. ஒயர் சரியாகச் சொருகவில்லையோ என்று அழுத்திப் பார்த்தேன். கம்பியை மீட்டினேன், கணீரென்று கேட்டது. வால்யூமை முழுக்கத் திருப்பினேன். இரைச்சல் இல்லை.

"இரைச்சலே இல்லக்கா!"

"மத்த நாள்ல எங்க வந்துச்சு?" என்றாள் அக்கா, போர்வையை மடித்தபடி. "பௌர்ணமிக்குப் பந்தல்ல கலர் லைட்டு ஓடவிட்டாதானே வரும். மத்தபடி தெனமும் சாய்ங்காலம் வண்டிய நிறுத்திட்டு வந்து வாசிப்பாரே. நான் சோறு வடிச்சு எறக்கற வரைக்கும் வாசிப்பாரு. அவ்ளோ நல்லா இருக்கும்."

"லைட்டாலதான்னு மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒரு வாட்டி அவரே அந்த ஒயரப் புடுங்கிப் பாத்தாரு, டக்குனு நின்னுடுச்சு. திரும்பச் சொருகிட்டாரு."

"அப்பறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நான் சொல்லுங்கன்னுதான் சொன்னேன். பாவம், அவன் கைய சுட்டுக்கினு உக்காந்திருக்கான்னேன். 'இரைச்சல் போயிட்டா உன் தம்பியும் போயிடுவான், சும்மா இரு'ன்னாரு."

மாமா, நீங்கள் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அந்த அம்மிக்கல்லை உங்கள் தலையிலேயே போட்டிருப்பேன். நல்லா இருந்த பிக்கப்பைப் பிரிக்க விட்டீர்கள். தையல் மிஷினை நான் முட்டி தேய மிதித்தேன், அறுந்தபோதெல்லாம் "அடடா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டீர்கள். என் பற்றவைப்பில் குற்றம் கண்டுபிடித்தீர்கள்! தொழிலே கரண்ட்டோடு பழகுவது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற என்னை, தலைக்கு மேலே போகிற ஒயரைப் பார்க்காத மடையனாக உட்கார வைத்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் வாசித்திருக்கிறீர்கள். எனக்கு ஒரு பாட்டுகூட வாசித்துக் காட்டாமல் போய்விட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அக்கா எதிரில் அழக்கூடாது என்று எழுந்து போய், தேவையே இல்லாமல் ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அக்கா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சரி, அதான் நல்லா இருக்கில்ல. இங்கயே இருக்கட்டும். நான் கெளம்பறேன்."

என் வாயில் என்ன புகுந்தது என்று தெரியவில்லை. உங்கள் வார்த்தைதான் புகுந்திருக்க வேண்டும். "எங்கக்கா நல்லா இருக்கு? உள்ள ஒரு கனெக்சன் லூசா இருக்கு. அது இங்க வெச்சுப் பாத்தா தெரியாது. அங்க வெச்சுதான் பாக்கணும். நீ எடுத்துக்கினு போ, நான் பௌர்ணமிக்கு வரேன்" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு உங்களோடு வாழ்ந்த அனுபவம் இருக்கிறது. போர்வையைப் பிரித்துக் கிடாரை மறுபடி சுற்றினாள். பஸ் ஸ்டாப் வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல கனம். பஸ் வந்து, ஏறி உட்கார்ந்து, மடியில் அதை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அவரு போனதுலருந்து பந்தலுக்கு நம்ம வூட்டுல கரண்ட் கேக்கறதில்லடா. பக்கத்து வூட்ல எடுத்துக்கறாங்க. இந்த பௌர்ணமிக்கு நம்ம வூட்லயே எடுத்துக்கச் சொல்லவா?"

"சொல்லுக்கா" என்றேன்.