தெற்கே விழும் நிழல்

மே 26, 2008. திங்கள்.

காற்று பலம். பாலக்காட்டுப் பக்கம் மேகம், இங்கே நல்ல வெயில். பிரஷர் மாத்திரை தீர்ந்தது. துடைப்பம் வாங்க வேண்டும்.

இன்று என்னை எல்லார் முன்னாலும் குருடி ஆக்கினான் செந்தில். தம்பி மகன். தம்பி போன பிறகு பனியன் கம்பெனி அவனுடையது. பிஸ்கட் கலர் டி-சர்ட், உடம்புப் பகுதி ஒரு லாட், ஒரே தடவையில் சாயம் போட்ட துணி; கைப்பகுதி இன்னொரு லாட். இரண்டுக்கும் லேசான வித்தியாசம். சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய ஆள் பார்த்துவிட்டு மொத்தச் சரக்கையும் திருப்பிவிட்டான். துணியின் நிறம் மாதிரித் துணியோடு ஒத்துப்போகிறதா என்று மேசையில் விரித்துப் பார்த்து அனுப்புவது என் வேலை. தம்பி காலத்திலிருந்து.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. ஒருக்கா கண்ணக் காட்டிட்டு வந்துருங்க."

"என்ற கண்ணுக்கு என்னடா?"

"வயசாச்சுங்களேத்தை. இனி ஒரு லாட் தப்பாப் போச்சுன்னா பாண்டிய உக்கார வெக்கறதத் தவிர வேற வழியில்லீங்க."

பாண்டி விருதுநகர்ப் பக்கத்துப் பையன், சூப்பர்வைசர். தலையைக் குனிந்துகொண்டான். அந்த மரியாதையாவது இருக்கிறது.

உன் அப்பனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அதையும் வயது என்பான்.

இரவு ரசம் சாதம். பிடிக்கவில்லை.

மே 27. செவ்வாய்.

திருப்பிய சரக்கில் இரண்டு உருப்படி வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். காலையில் வாசல் நிழலில் வைத்துப் பார்த்தேன். கை சற்றுச் சிவப்பு ஓடியது, உடம்பு சற்றுப் பச்சை ஓடியது. பளிச்சென்று தெரிகிறது. அப்படியென்றால் கண் சரி. பிறகு எப்படி விட்டேன்?

கம்பெனிக்குப் போய், டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் அன்னக்கொடியிடம் கேட்டேன், இந்தக் கட்டுகளை நான் எப்போது பார்த்தேன் என்று.

"டீ குடிச்ச பொறவுங்கம்மா. பொழுதுசாய. நீங்க கூட கண்ணு ஒரே கூச்சமா இருக்குதுன்னு சொன்னீங்களே."

சொன்னேன்தான்.

டீக்குப் பிறகு மேசையருகே நின்றேன். நாலரை மணிக்கு மேசையின் ஓரத்தில் வெயில். மஞ்சள் பட்டையாக, சாய்வாக. வந்தது வடக்கு ஜன்னல் வழியாக. துணியின் பாதி அந்த வெயிலில், மாதிரித் துணி நிழலில். எந்தக் கண்ணும் ஏமாறும்.

சிரித்துவிட்டேன். தையல் மிஷின்கள் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வடக்கே வெயில் வராது, அதனால் நிறம் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் நல்லது. இது இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்லும் வேதம். பழைய கட்டடத்திலும் மேசை வடக்கு ஜன்னலில்தான். ஆனால் அங்கே அடுத்த கட்டடத்தின் சுவர் மறைத்தது. இங்கே ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சலில் நாலு பக்கமும் வெட்டவெளி. தையில் குடி வந்தோம், சித்திரை வரை ஒரு குறையும் இல்லை. வைகாசியில் எனக்குக் கண் போய்விட்டதாம்.

துடைப்பம் மறந்தேன்.

மே 29. வியாழன்.

செந்திலிடம் சொன்னேன். கட்டடம் கட்டிய இன்ஜினியரும் ஏதோ ஒழுகல் பார்க்க வந்திருந்தார். நல்லதாகப் போயிற்று, இருவரையும் ஒன்றாக நிற்க வைத்தேன்.

"அம்மா, நார்த் லைட்டுங்க. உலகம் பூரா ஃபேக்டரிக்கு இதுதான் ரூல்."

"உலகம் பூரா இல்லீங்க தம்பி. லண்டனுக்கு."

"புரியலீங்க."

"கடகரேகை இருபத்து மூன்றரை பாகை. அதுக்கு வடக்கே இருக்கற ஊருக்கு உச்சிச் சூரியன் எப்பவும் தெக்கால. லண்டன் அப்புடி. நம்மூரு பதினொண்ணு. ரேகைக்குத் தெக்கால இருக்கறோம். சித்திரை முதல் வாரத்துல சூரியன் நம்ம தலைக்கு நேரா வந்து, அப்பறம் நம்மளத் தாண்டி வடக்கே போயிரும். ஆவணியிலதான் திரும்பும். அது வரைக்கும் வெயில் வடக்குச் சுவத்துல."

இன்ஜினியர் செந்திலைப் பார்த்தார். செந்தில் தரையைப் பார்த்தான்.

"சன்ஷேடு போட்டிருக்கறோமுங்களேம்மா."

"அது உச்சி வெயிலுக்கு மறைக்கும். காலையும் சாயங்காலமும் சாஞ்சு வர்றதுக்கு அது என்ன பண்ணும்?"

இன்ஜினியர் செல்போனை எடுத்தார்.

மேசையைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்று, ஆவணி வரை அங்கேதான் நிழல் என்றேன். செந்தில் அதிர்ந்து போனான். வாஸ்துக்காரர் தெற்கு பார்த்து எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். எமன் திசை.

"தெக்க பாத்து ஒக்காந்து ஓகே சொன்னா கம்பெனி வெளங்குமுங்களா அத்தை?"

வடக்கு பார்த்து உட்கார்ந்து எப்படி விளங்கியது என்று கேட்டேன். போய்விட்டான்.

முழங்கால் வலி. தைலம்.

ஜூன் 1. ஞாயிறு.

லீவு. துணி துவைத்தேன். தண்ணீர் வந்தது, கலங்கல்.

மத்தியானம் பழைய பேப்பர் கடையில் வாங்கிய எட்டாம் வகுப்புப் புவியியலை மறுபடி படித்தேன். அட்டை இல்லை, உள்ளே எல்லாம் இருக்கிறது. என்னை எட்டாவதோடு நிறுத்தி, தம்பியைக் காலேஜ் அனுப்பினார்கள். அவன் பாஸ் ஆகவில்லை. எழுதக் கூடாது, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நூல் கோன் ஒன்றை எடுத்துக்கொண்டு குண்டு பல்பைச் சுற்றி வந்தேன். கோன் பூமி, பல்பு சூரியன். கோனை ஒரு பக்கம் சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் சுற்றவேண்டும். முதலில் நானே தப்புச் செய்தேன். பல்பைப் பார்த்தபடியே கோனையும் திருப்பிவிட்டேன். அப்படித் திருப்பினால் வருடம் முழுக்க ஒரே பருவம். கோனின் மூக்கு எப்போதும் காலண்டர் மாட்டிய சுவரையே பார்க்கவேண்டும். அப்படிச் சுற்றினால் ஒரு பக்கம் வரும்போது மேல்பாதிக்கு வெளிச்சம் அதிகம், எதிர்ப்பக்கம் வரும்போது கீழ்ப்பாதிக்கு. அவ்வளவுதான் சூரியன் வடக்கே போவதும் தெற்கே வருவதும்.

பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கக்கா, நூல வெச்சு வெளையாடறீங்க?"

சொன்னேன். அவள், கோடையில் சூரியன் பூமிக்குக் கிட்ட வருவதால்தானே வெயில் என்றாள். இல்லை, ஜனவரியில்தான் மிகக் கிட்ட, ஜூலையில்தான் மிகத் தூரம் என்றேன். நம்பவில்லை. புத்தகத்தைக் காட்டினேன். அச்சுப் பிழையாக இருக்கும் என்றாள். முருங்கைக்காய் கொடுத்தாள். நல்லவள்.

ஜூன் 3. செவ்வாய்.

மானம் போயிற்று. கொஞ்சம்.

உச்சி வேளைக்குக் கம்பெனி வாசலுக்கு வா, சூரியன் வடக்கே இருப்பதால் அங்கே உள்ள கம்பத்தின் நிழல் தெற்கே விழும், உன் கண்ணாலேயே பார் என்று செந்திலை அழைத்திருந்தேன். நம் ஊருக்கு உச்சி பன்னிரண்டேகாலுக்கு மேல்தான், ரேடியோவின் பன்னிரண்டு, நாட்டுக்கெல்லாம் பொதுவாக வைத்த அலகாபாத் பக்கத்துப் பன்னிரண்டு. அதையும் சொல்லிவைத்தேன். டெய்லர்களும் வந்துவிட்டார்கள், பீகார்ப் பையன்கள் உட்பட.

மேகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கூட்டமாக வந்து வானத்தை மூடியது. கம்பம் இருந்தது. நிழல் இல்லை.

"சூரியன் இன்னைக்கி லீவுங்களா அத்தை?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்னக்கொடி மட்டும் சிரிக்கவில்லை, வாயில் வெற்றிலை.

இந்த மேகம்தான் என்னைக் கெடுப்பது. மேகம் இருக்கும் நாளில் பார்த்த கட்டெல்லாம் சரி, வெயில் நாளில் பார்த்தவை தப்பு. வெளியில் இருந்து பார்ப்பவனுக்குக் கிழவிக்கு ஒரு நாள் கண் தெரிகிறது, ஒரு நாள் தெரியவில்லை என்றுதான் தோன்றும்.

செந்தில் நாளை மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போட்டிருக்கிறானாம்.

ஜூன் 5. வியாழன்.

கண் ஆஸ்பத்திரி. கூட்டம். சொட்டு மருந்து விட்டு ரொம்ப நேரம் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு மடத்துக்குளத்துக்காரி, நெல் விலையும் மருமகள் கதையும்.

டாக்டர் சின்னப் பெண். இடது கண்ணில் லேசாகப் புரை, இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். வலது சுத்தம். நிறம் பார்க்கும் புள்ளிப் படங்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். "சூப்பர் பாட்டி" என்றாள். பாட்டி என்றதை மன்னித்தேன்.

செந்திலிடம் இரண்டு கண்ணையும் சொன்னேன். அவன் காதில் இடது கண் மட்டும்தான் விழுந்தது.

"புரையின்னு அவங்களே சொல்லீட்டாங்கல்ல அத்தை. திங்கக்கெழமையிலிருந்து பாண்டி பாக்கட்டுங்க. நீங்க சும்மா ஒக்காந்திருங்க, சம்பளம் வரும்."

சும்மா உட்காருவதற்குச் சம்பளம். அதை வாங்கினால் குருடி என்று நானே ஒப்புக்கொண்டதாகும். வேலை இருந்தால் வருகிறேன், இல்லையென்றால் வரவில்லை என்றேன். நூல் பிசிறு வெட்டும் இடத்தில் ஆள் குறைவு என்றான். சரி.

ஜூன் 9. திங்கள்.

காலையில் தூறல், பிறகு வெறித்தது. சாயங்காலம் கண்ணாடி போல வானம்.

பிசிறு வெட்டினேன். கத்தரி மழுங்கல்.

மேசையில் பாண்டி. அதே பிஸ்கட் கலர், திருப்பிய சரக்குக்குப் பதில் தைத்தது. இதுவும் போனால் பையர் இனி வரமாட்டான் என்று கணக்குப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். நாலரைக்கு வெயில் வந்தது. பாண்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓகே, ஓகே என்று தள்ளிக்கொண்டே இருந்தான்.

நான் இருந்த இடத்திலிருந்தே ஒரு கட்டின் சட்டைகளில் கை வேறாகத் தெரிந்தது. நான் நிழலில் இருந்தேன், அந்தக் கட்டும் நிழலுக்கு வந்துவிட்டிருந்தது.

சும்மா இருந்தால் நான் ஜெயிப்பேன். சரக்கு திரும்பி வரும். பாண்டிக்கும் கண் போய்விட்டதா என்று கேட்கலாம். இதை நினைத்தேன், நினைக்கவில்லை என்று எழுத மாட்டேன். ஆனால் கண்ணெதிரே தப்பு போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெரியாது.

எழுந்து போய் மேசையின் ஒரு முனையைப் பிடித்தேன்.

"ஆத்தா, என்ன பண்றீக?"

"புடி அந்தப் பக்கம்."

"மொதலாளி வைவாருத்தா."

"வையட்டும். அன்னக்கொடி, நீயும் வா."

மூன்று பேருமாக இழுத்தோம். தரையில் கோடு விழுந்தது. தெற்கு ஜன்னல். வெயில் ஒரு துளி இல்லை, சீரான வெளிச்சம். பாண்டி ஓகே சொன்ன கட்டை விரித்தேன்.

"ஆத்தாடி! கை வேற, ஒடம்பு வேறயாவுல்ல இருக்கு!"  ஓடிப்போய்த் தள்ளிவிட்ட கட்டுகளை எல்லாம் தூக்கி வந்தான்.

சத்தம் கேட்டுச் செந்தில் வந்தான்.

"போச்சு. எமன் தெசையில வெச்சுட்டீங்களா?"

"எமனுக்கு பிஸ்கட் கலர் புடிக்காது. உட்டுருவான். இங்க பாரு கண்ணு."

பார்த்தான். ஒரு உருப்படியை எடுத்துக்கொண்டு வடக்கு ஜன்னல் வெயிலுக்குப் போனான். அங்கே பார்த்தான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.  பாண்டி சொன்னான், "அண்ணே, வெயில்ல ஒண்ணுமே தெரியலண்ணே. அவுக சொன்னது நெசம்."

செந்தில் வெளியே போய் யாருக்கோ போன் போட்டான். பதினேழு உருப்படி மறு சாயத்துக்கு ஒதுக்கினோம். மீதி நல்லது.

தோள் வலிக்கிறது. தூக்கம் வரும்.

ஜூன் 10. செவ்வாய்.

வெயில், காற்று. துடைப்பம் ஒருவழியாக வாங்கினேன்.

மேசை தெற்கிலேயே இருந்தது. பக்கத்தில் வாஸ்துக்காரர், கையில் காந்த ஊசி. நேற்றைய போன் இவருக்குத்தான். வெகுநேரம் நடந்து அளந்தார். வைகாசி, ஆனி, ஆடியில் தெற்கு மூலைக்கு வலிமை வருமாம், எலுமிச்சம்பழம் கட்டினால் மேசை அங்கே இருக்கலாமாம். செந்தில் முகத்தில் உயிர் வந்தது. நான் பத்து நாளாகக் கத்தியது இவர் வாயிலிருந்து வந்ததும் சாத்திரமாகிவிட்டது. பழம் கட்டினார்கள். கட்டட்டும், பழம் வெயிலை மறைக்காது, கெடுக்கவும் கெடுக்காது.

"மறுக்கா எப்பங்க வடக்கால மாத்தோணும்?" என்று அவரையே கேட்டேன்.

"தை பொறந்தா மாத்திக்கலாமுங்கம்மா."

"தை வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னா ஐப்பசி, கார்த்திகையில தெக்கு ஜன்னல்ல வெயில் நேரா மேசையில அடிக்கும். ஆவணி. ஆவணி பொறந்து ஒரு வாரம் கழிச்சு."

அவர் ஊசியைப் பார்த்தார்.  மிஷினை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

செந்தில் அவர் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"ஆவணின்னே காலண்டர்ல குறிச்சுக்கட்டுங்களா, அத்தை?"

"குறிச்சுக்கோ."

பாண்டி நாற்காலியை விட்டு எழுந்தான். உட்கார்ந்தேன். அடுத்த லாட், ஊதா.