போர்ட் பானில் தள்ளிய படகு

அன்பு மகள் எஃபிக்கு,

என் எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள். துடுப்பும் மண்வெட்டியும் பிடித்த கைக்குப் பேனா மிகவும் சின்னதாக இருக்கிறது, ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் இது முழுக்க நானே எழுதியது. உன் அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள். இங்கே நானும் மாடும் நாயும் நலம், கடல் கடந்து நியூசிலாந்தில் நீயும் நலமாக இருக்கிறாய் என்றே நினைத்து எழுதுகிறேன்.

இதுவரை நான் சொல்லச் சொல்லத் தபால் நிலையத்துப் பெய்கிதான் எழுதினாள். நல்லவள்தான், ஆனால் அவள் காதுக்குச் சொல்லக்கூடியதை மட்டுமே உனக்குச் சொல்ல முடிந்தது. ஆடுகள் குட்டி போட்டன, உருளைக்கிழங்கு பரவாயில்லை, கூரை ஒழுகுகிறது, அவ்வளவுதான். உன் தம்பி ரூரியின் பெயர் அந்தக் கடிதங்கள் எதிலும் வரவில்லை, நீயும் எழுதவில்லை. அவனைப் பற்றி உன்னிடம் பேசவேண்டும் என்றுதான் குளிர்காலம் முழுக்க, பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், பள்ளிக்கூடத்து ஆசிரியையிடம் போய் உட்கார்ந்து எழுத்துக் கற்றேன். என்ன பேசுவது என்று அப்போது தெரியாது, பேசவேண்டும் என்று மட்டும் தெரியும். பெய்கிக்குக் கொஞ்சம் கோபம். "இனிமே நான் எதுக்கு, ஸ்டாம்பு வித்தாப் போதுமாக்கும்" என்று சொல்லிவிட்டு எனக்கு நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் இன்வர்னெஸ் நகரத்திலிருந்து ஆலிசன் லெய்ங் என்று ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். ஆற்று முகத்திலிருந்து கறுப்பு முனை வரை நம் கரையை நடந்து பார்த்து, படகுத்துறை கட்ட இடமிருக்கிறதா என்று அரசுக்குச் சொல்வது அவள் வேலை. துறை வந்தால் பெரிய படகுகள் நிற்கும், மீன் லாரி வரும், நம் பிள்ளைகள் பிழைப்புக்குக் கிளாஸ்கோவுக்கு ஓடவேண்டாம். இங்கே இடமில்லை என்றால் துறை விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விடும், அதோடு நம் பள்ளிக்கூடத்தையும் மூடிவிடுவார்கள். ஊர்க் கூட்டத்தை நடத்தும் முர்டோ என்னை அவளோடு போகச் சொன்னான். ஆற்று முகத்தில் மணல் திட்டு, தண்ணீர் வற்றினால் படகு தரைதட்டும் என்றாள். கறுப்பு முனையில் தென்மேற்குக் காற்று நேராக அடிக்கும் என்றாள். இரண்டுக்கும் நடுவே போர்ட் பான் குடாவுக்கு மேலே வந்ததும் நான் நின்றுவிட்டேன், அவள் மட்டும் இறங்கிப் போனாள். ரூரி கரையேறும்போது படகு கவிழ்ந்து கடலோடு போன நாளிலிருந்து அங்கே யாரும் படகு விட்டதில்லை, நானும் இறங்கியதில்லை.

அவள் ஏறி வந்து, "இதுதான் ஐயா இடம், அடியில பாறை, காத்துக்கு மறைவும் இருக்கு" என்றாள். "ஆனா ஊர்ல யாருக்கும் பிடிக்கல போல. ஆத்து முகத்தைப் பத்திக் கேட்டா வாய் ஓயாம பேசுறாங்க, போர்ட் பான்னு சொன்னா மட்டும் மழை வருமான்னு வானத்தைப் பாக்குறாங்க. விருப்பமில்லைன்னு எழுதிட்டுப் போயிடுறேன்" என்றாள். அந்த இடத்துக்குப் பயப்படுகிறார்கள் என்றுதான் நான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

அதை முர்டோவிடம் சொன்னேன். நண்டுக் கூடைக்கு வலை கட்டிக்கொண்டிருந்தவன் அதைக் கீழே வைத்துவிட்டான். "டேய் ஃபின்லே, உனக்கு நெசமாவே தெரியாதா? கடலுக்குப் பிள்ளையைக் குடுத்த வீடு மொதல்ல தள்ளாம அந்தத் துறைல எவன்டா படகு தள்ளுவான்?" என்றான். எனக்குத் தெரியும், எஃபி. சின்ன வயதில் மக்ரே வீட்டார் அப்படித் தள்ளியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வழக்கம் என் வாசலில் வந்து நிற்கிறது என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. நான் தள்ளட்டும் என்று ஊர் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல், மணல் திட்டில் தண்ணீர் ஏறக் காத்துக் கிடந்து கடலுக்குப் போயிருக்கிறது. வந்து கேட்டிருக்கலாமே என்றேன். "என்னன்னு கேக்கச் சொல்ற? துக்கம் தீந்துச்சான்னா?" என்றான்.

அந்தப் பெண் சனிக்கிழமை ஊர் திரும்பவேண்டும், உனக்கு எழுதிப் பதில் வாங்க நேரமில்லை. உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை காலையில் முர்டோவின் படகைப் போர்ட் பானுக்குக் கொண்டுபோனோம், தண்ணீரில் போய் ஆழம் பார்க்க அவளுக்கும் படகு தேவைப்பட்டது. யாரையும் அழைக்கவில்லை, ஆனால் எல்லா வீட்டிலிருந்தும் வந்து புல்மேட்டில் நின்றார்கள். நான் தோள் கொடுத்தேன். கூழாங்கல்லில் கால் வழுக்கியது. "கிழவா, பெருமூச்சு விட்டா படகு நகராது, தள்ளு" என்று முர்டோ அதட்டினான், மேட்டில் யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. உன் பங்குக்கும் சேர்த்துத் தள்ளினேன். படகின் மூக்கு தண்ணீரில் பட்டதும் எல்லோரும் இறங்கி வந்து கை வைத்தார்கள். முர்டோவும் அந்தப் பெண்ணும் ஆழம் பார்த்துத் திரும்பி வரும்வரை நான் முழங்கால் தண்ணீரிலேயே நின்றேன்.

இனி நான் சொல்லவேண்டியது ஒன்றுதான். அன்று கரையிலிருந்து நீ எறிந்த கயிறு ரூரிக்கு எட்டவில்லை என்றுதான் அவ்வளவு தூரம் போய்விட்டாய், நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். ரூரியைப் பற்றியோ உன்னைப் பற்றியோ ஒன்றும் தெரியாத அந்தப் பெண், ஆழம் பார்த்துக் கரையேறியதும் முர்டோவிடம் சொன்னது இது: "இந்தச் சரிவுல அலை கடலுக்குள்ள இழுக்கிறப்போ கரையில நின்னு எவ்வளவு பெரிய பலசாலி கயிறு வீசினாலும் எட்டாது. அதுக்காகவே இங்க துறை வேணும்." உனக்கு இதைப் பிழையில்லாமல் எழுதவேண்டும் என்று முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்தேன். அன்று நான் வீசியிருந்தாலும் எட்டியிருக்காது, மகளே. அந்தக் கயிறு கொட்டகை ஆணியில் அப்படியே தொங்குகிறது. அது உன்னுடையது, என்ன செய்யலாம் என்று நீதான் சொல்லவேண்டும்.

துறை வருமா என்பது இலை உதிரும் காலத்தில் தெரியும் என்கிறார்கள். இதை எழுதும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன், போர்ட் பானிலிருந்து இரண்டு படகுகள் போகின்றன. அங்கே உனக்குக் குளிர் தொடங்கியிருக்கும், அம்மாவின் கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள். ஆண்டவர் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக. எனக்குக் கடிதம் படித்துக் காட்ட இனி யாரும் வேண்டாம், அதனால் உன் பதிலில் ரூரியின் பெயரை நீ எழுதலாம். அடுத்த வாரமும் எழுதுவேன், அதற்குள் கை இன்னும் கொஞ்சம் பழகியிருக்கும்.

உன் அப்பா,
ஃபின்லே