மார்ச் மாதத்தில் நான்கு புள்ளிகள்

23 ஏப்ரல் 2025, புதன்

அடுப்படிக் காலண்டரில், மார்ச் மாதத் தாளில், இருபத்தொன்றிலிருந்து பென்சிலால் நான்கு சின்னப் புள்ளிகள். இன்று காலை உம்மா அந்தத் தாளைத் திருப்பி ஒரு புள்ளியின் மேல் கோடு இழுத்ததைப் பார்த்தேன். இன்று உம்மா நோன்பு.

களா நோன்பு. ரமலானில் மாதவிடாய் வந்து விட்டுப்போன நோன்பை இப்போது பிடிக்கிறார். வருஷா வருஷம் செய்வதுதான். கடையில் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. நான்கு புள்ளி என்றால் நான்கு நாள். அப்படியென்றால் உம்மாவுக்கு மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் உம்மாவின் விவரப் பாரத்தை நிரப்பியது நான்.

உம்மாவின் அக்கா சலேஹா பெரியம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததால் உம்மாவையும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பாரத்தில் ஒரு கேள்வி: கடைசி மாதவிடாய் எப்போது? பக்கத்தில், 'நின்றுவிட்டது' என்று ஒரு கட்டம். எதிரே வாப்பா. வாப்பாவுக்குப் பக்கத்தில், எங்கள் கடைக்கு நாசி கண்டார் சோறு சாப்பிட வரும் தயாளன் அண்ணன். அவர்கள் முன்னால் உம்மாவிடம் எப்படிக் கேட்பது? உம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நின்றிருக்கும் என்று நானே கட்டத்தில் கோடு போட்டேன்.

நேற்று ரிசல்ட். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதாம். நின்றுபோனவருக்கு இப்படி இருப்பது வழக்கமில்லையாம். வருகிற செவ்வாய் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். நேற்றிலிருந்து உம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. பெரியம்மாவுக்கும் அந்த ஊசியில்தான் ஆரம்பித்தது.

நான் போட்ட கோட்டினாலா? ஐயோ, நானா இதப் பண்ணேன்?

24 ஏப்ரல்

நான்கு தடவை ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினேன். நான்கு தடவையும் மணி அடிக்கும் முன் வெட்டிவிட்டேன்.

25 ஏப்ரல், வெள்ளி

போனில் எனக்குக் குரல் வராது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால்கூட வராது. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் நேரிலேயே போனேன். தனியாக, பஸ்ஸில்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். படம் பார்க்கும் டாக்டர் நவமணி வெளியே வந்ததும் எழுந்தேன். பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"என்னம்மா இது? காலண்டரையே தூக்கிட்டு வந்துட்டியா!"

"டாக்டர், உம்மாவுக்கு இன்னும் நிக்கல. நான்தான் தப்பா எழுதிட்டேன். மார்ச் இருபத்தொண்ணுலகூட வந்திருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஸ்கேன்ல ஒரு மருந்து ஏத்துறோம்ல, அதை உறிஞ்சுற இடம் வெள்ளையா தெரியும். மாசாமாசம் வர்றவங்களுக்குப் பால் சுரப்பியே அதை உறிஞ்சும். வர்றதுக்கு முந்தின வாரம் இன்னும் ஜாஸ்தி. நின்னுட்டா சுரப்பி சுருங்கி அங்க கொழுப்பு வந்துரும். படத்துல வெள்ளையும் பெரும்பாலும் அடங்கிடும். நாங்க நின்னுபோச்சுன்னு நெனச்சுல்ல பாத்தோம்!"

"அப்ப ஒண்ணுமில்லையா டாக்டர்?"

"அது இப்ப சொல்ல முடியாது லா. அடுத்து வர்ற நாள்லேருந்து எண்ணி, ரெண்டாவது வாரத்துல திரும்ப எடுப்போம். அதுவரைக்கும் ஊசி வேணாம்னு நான் சொல்லிடுறேன்."

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன்டி, என் காதுல கேக்க வேண்டியதுதானே?"

"வாப்பா இருந்தாங்க."

"அவருக்குத் தெரியாதா? நான் முப்பது நோன்பும் புடிச்சேனா இல்லையான்னு, இருவத்தஞ்சு வருஷமா விடியுறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுக்கு என்கூட எந்திரிக்கிற மனுஷன்டி அவரு!"

மூன்று நாளில் உம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

3 மே

இன்னும் வரவில்லை. உம்மா குளியலறைக்குப் போனால் நான் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். ஒருவேளை இனி வராமலே போனால்?

9 மே, வெள்ளி

வந்துவிட்டது! உம்மா உள்ளேயிருந்தே கத்திச் சொன்னார். மாதவிடாய் வந்ததற்கு ஒரு வீட்டில் இரண்டு பேர் இப்படிக் குதித்திருப்பார்களா?

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். வெட்டவில்லை. மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள், நான் பேசினேன். பத்தொன்பதாம் தேதி வரச் சொன்னார்கள்.

19 மே

எடுத்தாயிற்று. பாரத்தில் தேதியை உம்மாவிடம் கேட்டு எழுதினேன். சத்தமாகக் கேட்டேன். வாப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

27 மே, செவ்வாய்

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் அரிசியை அள்ளி இறைத்த மாதிரி வெள்ளை. புதியதில் அதெல்லாம் அடங்கி, இருட்டு. இவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை.

"சந்தேகப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. ஊசி வேணாம். அடுத்த வருஷம் வாங்க."

வாப்பா சொன்ன அல்ஹம்துலில்லாஹ்வில் வாசலில் இருந்த காவலாளி திரும்பிப் பார்த்தார். மருந்து கொடுக்கும் இடம் வரை உம்மா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்: "காலண்டரோட வந்தாளே, அது எம் பொண்ணு ஃபாத்திஹாதான்!" வழக்கமாக நான் தூணுக்குப் பின்னால் போயிருப்பேன். இன்று போகவில்லை.

வாப்பா வண்டி எடுக்கப் போனார். எங்களுக்கு எதிர் வரிசையில் ஒரு ஆன்ட்டி. பக்கத்தில் அவருடைய கணவர் அதே பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். ஆன்ட்டி தரையைப் பார்த்தார். பேனா 'நின்றுவிட்டது' கட்டத்தின் பக்கம் நகர்ந்தது.

நான் எழுந்துபோய், "அங்கிள், அத மட்டும் நான் ஆன்ட்டிகிட்ட கேட்டு எழுதவா?" என்று கையை நீட்டினேன்.