பக்கத்து வீட்டைக் கேட்டால் தெரியும்

ஆகஸ்ட் 3, 1978 – வியாழன்

வில்லியனூர் ஆபீசில் கில்பர்ட் சார் இன்று ஒரு வரைபடத்தை விரித்தார். மூலைகள் சுருண்டுகொள்ளாமல் இருக்க டீ கிளாஸ்களை வைத்தார். வட்டார வளர்ச்சித் திட்டம். இதுவரை ரோடு போடுகிறவர்கள் பால் சொசைட்டியைக் கேட்பதில்லை, பால் சொசைட்டி விவசாய ஆபீசைக் கேட்பதில்லை. இனிமேல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, கணக்கெடுத்து, எங்கே தேவையோ அங்கே செய்யப் போகிறோமாம்.

“அப்ப இத்தினி நாளா தேவையில்லாத எடத்துல செஞ்சிக்கினு இருந்தோமா சார்?” என்று கேட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரெஞ்சுக்காரன் காலத்து ஆள், கோபத்தைக்கூடத் துடைத்துத்தான் எடுப்பார்.

அரியூருக்கு மேற்கே எங்கள் ஊருக்கு ஒரே ஒரு இணைப்புச் சாலைதான் கிடைக்கும். சாலை போகிற தெருவுக்குப் பால் வண்டி வரும், மாட்டுக் கடன் வரும். மேல் தெருவுக்கா, காலனிக்கா? எது அதிகம் பின்தங்கியது என்று கணக்கு சொல்லுமாம். மேல் தெருவுக்கு ஏற்கெனவே வண்டிப்பாதை இருக்கிறது. எங்களுக்கு இருப்பது வரப்பு. மழைக்காலத்தில் அம்மா கீரைக் கூடையோடு அதில் வழுக்கி விழுந்து, கீரையைக் கழுவி, மறுபடி கட்டி, சந்தைக்குப் போவாள். இதற்குக் கணக்கு வேண்டுமா?

வேண்டுமாம். சொந்தத் தெருவில் நானே கணக்கெடுக்கக் கூடாது என்பது விதி. காலனி பாஸ்கலுக்கு. பாகூர்ப் பையன், என்னோடு சேர்ந்தவன், பேண்ட்டுக்கு மடிப்புக் கலையாமல் உட்காரத் தெரிந்தவன். மேல் தெரு எனக்கு.

ஆகஸ்ட் 9 – புதன்

மேல் தெருவில் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. சுப்புராயன் வீட்டில் மாட்டுக் கொட்டகைப் பக்கமாக நிற்க வைத்தே பதில் சொன்னார். அம்மா அவர் வயலில்தான் நடவு நடுகிறாள். ‘ஆண்ட’ என்பாள் அவரை. நான் ‘நீங்க’ என்றேன். அதற்கே முகம் கோணியது.

எத்தனை வேளைச் சாப்பாடு? “ஒரு வேள தாம்மா. அதுவும் கஞ்சி.” தொந்தி குலுங்காமல் சொன்னார், அதற்குத் தனித் திறமை வேண்டும். மோட்டார் உண்டா? இல்லை. கொட்டகை ஓரத்தில் ஒரு வைக்கோல் குவியல், அதிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று கிணற்றுப் பக்கம் போகிறது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“எழுதிக்க. மோட்டார் இல்ல.”

சொல்வதைத்தான் எழுத வேண்டும். எழுதினேன். தெரு முழுக்க இதே பாட்டு. ரேடியோ வைத்திருந்த வீடுகளில் எல்லாம் இன்று என்ன அமைதி!

ஆகஸ்ட் 15

மாதா பண்டிகை, சுதந்திர தினம் இரண்டும் ஒரே நாளில். ஒரு லீவு நஷ்டம்.

ஆகஸ்ட் 19 – சனி

கணக்கைக் கூட்டிப் பார்த்தாயிற்று. எங்கள் ஊரில் பட்டினி கிடக்கிற தெரு மேல் தெரு. காலனியில் எல்லா வீட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடு. எங்கள் வீட்டில் முட்டை வேறு!

பாஸ்கலை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். “உங்கம்மா எனக்கு அவிச்ச முட்ட குடுத்தாங்க. நான் வேணான்னேன். டெய்லி துன்றது தான் தம்பின்னாங்க. எழுதிட்டேன்.”

முட்டாள். நல்ல பையன், ஆனால் முட்டாள். இந்தக் கணக்கு இப்படியே போனால் சாலை மேல் தெருவுக்கு.

ஆகஸ்ட் 20 – ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடம் சண்டை. ஏம்மா பொய் சொன்னே? மூணு வேளை எப்பம்மா தின்னோம் நாம? நான் கத்தினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“பின்ன இன்னாடி? வூடு தேடி ஒரு புள்ள வந்து நிக்குது. சோத்துக்கு இல்லன்னு அதுங்கிட்ட சொல்லுவனா?”

“முட்டை ஏது?”

“சின்னபொண்ணு கைல வாங்கினேன்.” பொறுக்கிய கல்லை வீசிவிட்டுச் சொன்னாள்: “நம்மள சொல்ல வந்துட்ட. அவளும் மூணு வேளன்னு தான் சொல்லியிருப்பா. அவ வூட்ல நேத்து அடுப்பே எரியல. அடகுல போன பித்தள குண்டான் இன்னும் வரல. தெரியுமா?”

சின்னபொண்ணு அக்கா அடுத்த வீடு. போனேன். எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அம்மா ராத்திரி தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பது, எனக்குச் சேலை எடுக்க அடமானம் வைத்த தோடு – எனக்கே தெரியாதது – எல்லாம் கொட்டியது. ஒரு பொய் இல்லை.

தோடு... திருகாணி தொலைந்துவிட்டது என்றல்லவா சொன்னாள்.

ஆகஸ்ட் 21 – திங்கள்

தன்னைப் பற்றிக் கேட்டால் பணக்காரன் கீழே இறங்குகிறான், ஏழை மேலே ஏறுகிறான். அடுத்தவனைப் பற்றிக் கேட்டால் இரண்டு பேரும் நேராக நிற்கிறார்கள். அதனால் தெருவை மாற்றிக் கேட்போம் என்று கில்பர்ட் சாரிடம் சொன்னேன். மேல் தெருவைப் பற்றிக் காலனி சொல்லட்டும், காலனியைப் பற்றி மேல் தெரு சொல்லட்டும்.

“இதுக்குப் பேரு பொறம் பேசறதும்மா. சர்வே இல்ல.”

“நம்ம ஜனங்க பொய் சொல்லாத ஒரே எடம் அதான் சார்.”

கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் நான் கேட்டுவிட்டேன்: போன மாதம் சுப்புராயன் வீட்டில் சார் சாப்பிட்டது வடை பாயாசத்தோடுதானே? ஒரு வேளைக் கஞ்சி குடிக்கிற வீட்டில்?

வெகுநேரம் துடைத்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 27 – ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கூட்டம். நடவு முடிந்து ஆட்கள் வருகிற நேரத்துக்கு வை என்று சார் சொன்னார். முதல் தடவையாக ஒரு சர்க்கார் கூட்டம் எங்கள் நேரத்துக்கு நடந்தது. ரோடு ஆபீசர், பால் சொசைட்டிக்காரர், விவசாய ஆபீசர் மூவரும் ஒரே பெஞ்சில். ஒருவர் எழுந்தால் பெஞ்சு தூக்கும் என்று மூவரும் அசையாமல் இருந்தார்கள். திட்டமிடலில் ஒத்துழைப்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலும்.

காலனிப் பெண்களைக் கேட்டதும் கூரை பறந்தது. யார் வீட்டு வைக்கோலில் மோட்டார், யார் வீட்டு நெல் குதிரில் ரேடியோ. சின்னபொண்ணு அக்கா, வைக்கோலுக்குள் மோட்டாரைத் தள்ளியதே தான்தான் என்றது, அதற்குக் கூலி பாக்கி என்றும் சொன்னது. சுப்புராயனே சிரித்துவிட்டார். வேறு வழியில்லை.

பிறகு மேல் தெரு. ஆண்கள் முனகினார்கள். சுப்புராயன் சம்சாரம் வேலம்மாள் எழுந்து நின்றது. யாரையும் பார்க்காமல் என் அம்மாவைப் பற்றிச் சொன்னது:

“அன்னாமேரி நடவுக்கு வரும்போது தூக்கு கொண்டாரும். வெறுந் தூக்கு. எல்லாரும் துன்னும்போது அது மட்டும் அந்தாண்ட போயி குந்திக்கும். தண்ணி குடிச்சிட்டு, வாய தொடச்சிக்கினு வரும்.”

பாஸ்கல் பேனாவை மூடிவிட்டான்.

வரப்பில் திரும்பி வரும்போது அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டு வாசலில்தான் கேட்டாள்.

“அவங்களுக்குத் தெரியுமாடி? இத்தினி வருசமா?”

தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு பிடி சோறு இல்லை, கூலியில் காலணா ஏற்றம் இல்லை. வேலம்மாளைக் கையெடுத்துக் கும்பிடுவதா, காறித் துப்புவதா? இரண்டும் தோன்றுகிறது.

அக்டோபர் 12 – வியாழன்

சாலை காலனிக்கு. உத்தரவு வந்துவிட்டது. ஆனால் சுப்புராயன் வயல் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வேண்டும்.

அக்டோபர் 20 – வெள்ளி

“மோட்டார காட்டிக் குடுத்தவங்களுக்கு நான் நெலம் குடுக்கணுமா?” சுப்புராயன் கேட்டது நியாயம்தான். நான் கெஞ்சவில்லை. “உங்க கரும்பு வண்டி போன வருசம் சேத்துல சாஞ்சிதே, அதே எடத்துல தான் ரோடு வருது. வேணான்னா தோப்புப் பக்கமா சுத்திப் போடச் சொல்றேன்” என்றேன்.

மறுநாள் வரை யோசிக்கவில்லை மனிதர். கில்பர்ட் சார் கோப்பில் ‘பரந்த மனத்துடன் நிலம் வழங்கினார்’ என்று எழுதினார். எழுதட்டும். மனம் பரந்ததோ இல்லையோ, வரப்பு பரந்தால் சரி.

மார்ச் 5, 1979 – திங்கள்

ஜல்லி கொட்டுகிறார்கள். அம்மா போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ஜூலை 18, 1979 – புதன்

பால் வண்டி இன்று காலனி முனையில் நின்றது. கடனில் வாங்கிய மாட்டை அம்மா என் பேரைச் சொல்லித்தான் திட்டுகிறாள். என் வேலை நிரந்தரம் ஆகவில்லை. மாட்டுக்கு ஆகிவிட்டது. தோடு திரும்பி வந்தது. திருகாணி கிடைத்துவிட்டதாம்.

பிப்ரவரி 14, 1980 – வியாழன்

திட்டத்தால் என்ன பலன் என்று பார்க்க, டவுனிலிருந்து புதுப் பையன் வந்தான். இன்னும் யாருக்கு உதவி தேவை என்றும் எழுதிக்கொண்டு போவானாம். நான் காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்தேன். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது. காலையில் தின்ற இட்லித் தட்டை அம்மா சத்தமில்லாமல் கூடையால் மூடினாள்.

“எத்தனை வேளை சாப்பிடுறீங்க?”

“ரெண்டு வேள தாம்பா. அதுவும் பேருக்கு.”

மாடு? ஏது மாடு, என்றாள். மாடு சின்னபொண்ணு அக்கா தோட்டத்திலிருந்து ‘ம்மா’ என்றது. அவன் நன்றி சொல்லிவிட்டுச் சின்னபொண்ணு வீட்டுக்குள் போனான். முன்பக்கம் அவன் பேனாவைத் திறப்பதற்குள், பின்பக்க வேலி வழியாக எங்கள் மாடும் அக்காவின் மாடும் எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டன. அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

பாவம் பையன். அவரவரைப் பற்றி அவரவரையே கேட்கிறான். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.